பியானோ மிஸ்ஸின் வாசிகசாலை

இலக்கியத்துக்கென ஒதுக்கிய நேரத்தில் பியானோவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னபோது தயாரிப்பாளர் கொஞ்சம் யோசித்தார். என் பக்க நியாயமாக அவருக்கு ஒரேயொரு சொல்லைத்தான் கொடுத்தேன். தமிழிலே நாம் புத்தகம் வாசிக்கிறோம், வீணையும் வாசிக்கிறோம். நாதஸ்வரம், வயலின், மிருதங்கம் எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். ஆங்கிலேயன் தன் வாத்தியத்தோடு விளையாடுகிறான், நாம் வாசிக்கிறோம். ஊருக்கு ஊர் வாசிகசாலை கட்டி வைத்த எங்களவர்கள் அந்தச் சொல்லின் இந்த இரட்டைப் பொருளை அதிகம் பேசியதாக எனக்கு நினைவில்லை. எனக்கு அதை விளங்கவைத்தவர் இலக்கிய விமர்சகர் எவருமல்லர். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், வீட்டு முன்னறையில் பியானோ படிப்பித்த ஒரு மிஸ்.

அவருடைய பெயரைச் சொல்லப் போவதில்லை. வானொலியில் தன் பெயர் வருவதை அவர் விரும்பியிருக்கமாட்டார். யாழ்ப்பாணத்தில் மிஷன் பாடசாலையொன்றில் படித்து, கொழும்புக்கு வந்து, மணம் முடிக்காமல் தமையன் குடும்பத்தோடு இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் ஓகன் வாசிப்பார். மற்ற நாட்களில் பின்னேரம் மூன்று மணி தொடக்கம் பிள்ளைகள். ஒரு பிள்ளைக்குக் கிழமையில் அரை மணித்தியாலம். மாதம் 20 ரூபா. நான் 1972 இல், ஒன்பது வயதில், அங்கே போகத் தொடங்கினேன். எட்டு வருடம் போனேன்.

முதலில் அந்தப் பியானோவைப் பற்றிச் சொல்லவேண்டும். 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த பிறகு பறங்கியர் குடும்பங்கள் பல அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டன. போகிறவர்கள் பியானோவைக் கப்பலில் ஏற்றவா முடியும்? கட்டில், அலுமாரியோடு அதையும் விற்றுவிட்டுப் போனார்கள். தமிழர் வீடுகளுக்குப் பியானோ வந்த வழிகளில் இதுவும் ஒன்று. மிஸ்ஸின் பியானோவும் அப்படி வாங்கியதுதான். புதிய பியானோவில் 88 கட்டைகள் இருக்கும். இதில் 85. மேலே மூன்று கட்டைகள் குறைவு. பழைய பியானோக்கள் பல அப்படித்தான் வந்தன.

கடற்காற்று பியானோவுக்குப் பரம எதிரி. உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். மழைக்காலத்தில் ஈரத்துக்கு மரம் ஊதி, அமர்த்திய கட்டை எழும்பாமல் கிடக்கும். அதற்காக மிஸ் பியானோவின் அடிப்பலகையைக் கழற்றி, உள்ளே சின்ன மின்குமிழ் ஒன்றை எந்நேரமும் எரியவிட்டிருப்பார். அதன் சூட்டில் ஈரம் காயும். பூச்சி அரிக்காமல் இருக்க நப்தலின் உருண்டைகள். இன்றைக்கும் எங்கேயாவது அந்த மணம் வந்தால் என் விரல்கள் தாமாகவே வளைகின்றன.

அந்தப் பியானோவில் ஒலிக்காத கட்டையொன்றும் இருந்தது. பியானோவின் மேற்பகுதியில் ஒரு சுரத்துக்கு மூன்று கம்பிகள் இருக்கும். ஒன்று அறுந்தாலும் மற்ற இரண்டும் சமாளிக்கும். ஆனால் அடித்தளத்திலே சுரத்துக்கு ஒரு கம்பிதான், செம்புச் சுற்றிய தடித்த கம்பி. அது அறுந்தால் அந்தச் சுரம் ஊமை. எழுபதுகளின் முற்பகுதி இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். பாணுக்கே வரிசையில் நின்ற நாட்டில் பியானோக் கம்பிக்கு யாரிடம் போவது? ஊமைக் கட்டை ஊமையாகவே இருந்தது. அதை வாசிக்காமல் தாண்டிப் போக மிஸ் விடமாட்டார். "அமர்த்தும், பிள்ளை. சத்தம் வராது. நீர் மனதிலே கேளும்" என்பார். ஒன்பது வயதில் எனக்கு அது பெரிய பகிடியாக இருந்தது.

சங்கீதப் புத்தகங்களும் அப்போது கடைக்கு வருவதில்லை. மிஸ்ஸிடம் இருந்தவை பழையவை, ஒட்டுப்போட்டவை. பிள்ளைகள் கொப்பி வாங்கி, றூலரால் ஐந்து ஐந்து கோடுகளாகக் கீறி, அவருடைய புத்தகத்தைப் பார்த்துக் கையால் எழுதவேண்டும். எழுதி முடித்தால்தான் அந்தப் பாட்டைப் பியானோவில் தொடலாம். ஏடு பார்த்து ஏடு எழுதிய எங்கள் முன்னோரின் வேலையை, ஐரோப்பிய இசைக்காக, எழுபதுகளில் வெள்ளவத்தையில் இருந்து நாங்கள் செய்தோம். எழுதும்போது வலக்கைக் கோடுகளுக்கும் இடக்கைக் கோடுகளுக்கும் நடுவே தனியாகத் தொங்கும் அந்த ஒற்றைச் சுரத்தை, நடு 'ஸீ' என்பார்களே, அதை எழுதுகிறபோதுதான் மேலே உள்ள ஐந்து கோடுகளும் கீழே உள்ள ஐந்தும் உண்மையில் பதினொரு கோடுகள், நடுக்கோட்டை மட்டும் கண்ணுக்காக மறைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடிபட்டது. மிஸ் இதைச் சொல்லித் தரவில்லை. எழுதிய கைக்குத் தெரிந்தது.

இனி வாசிப்புக்கு வருகிறேன்.

நம்முடைய சங்கீதத்தில் பிள்ளை குருவின் முன்னே இருந்து, சரளி வரிசையிலிருந்து தொடங்கி, கேட்டுக் கேட்டுப் படிக்கிறது. சுரப்படுத்திய புத்தகம் இருந்தாலும் அது ஞாபகத்துக்கு ஒரு கைத்தடி. கமகத்தை எந்தப் புத்தகமும் முழுதாக எழுதிவிட முடியாது. மேல்நாட்டுச் சங்கீதத்தில் அது வேறு. அங்கே எழுத்து முக்கியம். செத்து இருநூறு வருடமான ஒருவன் எழுதி வைத்ததை, அவனைக் கேட்டிராத ஒருத்தி, அவன் பெயரைக்கூடக் கேட்டிராத ஊரில் இருந்து, கடதாசியைப் பார்த்து ஒலியாக்கலாம். என் அப்பாச்சிக்கு இது பிடிக்கவேயில்லை. "இதென்ன கோதாரி, கடதாசியைப் பாத்தே பாட்டுப் படிக்கிறது? கறன்ற் போனால் என்ன செய்வியள்?" என்று கேட்பா. அந்தக் கேள்விக்குப் பின்னாளில் ஒரு பதில் கிடைத்தது, அதற்கு வருவேன்.

கடதாசியைப் பார்த்து முதற் பார்வையிலேயே வாசிப்பது தனியான ஒரு வித்தை. ஒரு பாட்டைப் பழகும்போது பிழை விட்டால் நிறுத்தி, திருத்தி, திரும்ப வாசிக்கவேண்டும். முதற் பார்வையில் வாசிக்கும்போது நிற்கவே கூடாது. இரண்டும் நேர் எதிர். ஒன்றில் பழகிய பிள்ளை மற்றதில் திண்டாடும். நான் பிழைவிட்டதும் பழக்கதோஷத்தில் திரும்பிப் போவேன். மிஸ் சொல்லுவார்: "பஸ்ஸிலை போகேக்கை இறங்கிற இடம் தப்பினால் பஸ்ஸைப் பின்னுக்கு எடுக்கச் சொல்லுவீரே? போம், முன்னுக்குப் போம்." கையைக் குனிந்து பார்த்தால் என் கொப்பியை எடுத்துக் கைகளுக்கு மேலே கூரை மாதிரிப் பிடிப்பார். "கை எங்கேயும் ஓடிப் போகாது, பிள்ளை. கடதாசியைப் பாரும்." வேறு வீடுகளில் பத்துச் சத நாணயத்தைப் புறங்கையில் வைத்து, விழுந்தால் அடி என்று படிப்பித்தார்களாம். எங்கள் மிஸ் காசை அப்படி வீணாக்கும் வசதியுள்ளவரல்லர்.

கண் எப்போதும் கைக்கு முன்னே போகவேண்டும். கை ஒரு பகுதியை வாசிக்கும்போது கண் அடுத்த பகுதியில் நிற்கவேண்டும். இந்தக் கலையகத்தில் செய்தி வாசிப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்களும் அப்படித்தான். வாய் ஒரு சொல்லில், கண் அடுத்த வரியில். எட்டிப் பார்க்கும் அந்தத் தூரம் கூடக்கூட வாசிப்பு வசனமாகிறது, குறைந்தால் எழுத்துக்கூட்டல். இலக்கியம் வாசிப்பவர்களுக்கும் இதை நான் விளக்கவேண்டியதில்லை.

ஆகவே மிஸ் ஒவ்வொரு கிழமையும் புதிதாக ஒரு சின்னப் பாட்டைத் தருவார். பழகிய பாட்டுக்கு மேலதிகமாக. ஒரு முறை வாசிக்கவேண்டும், அவ்வளவுதான். நன்றாக வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த கிழமை வேறொன்று. இதற்கு அவர் பெரும்பாலும் நம்பியது ஹங்கேரியர் பேலா பார்ட்டோக்கை. 'மிக்ரோகொஸ்மொஸ்' என்று ஆறு பாகங்கள், 153 பாட்டுகள். 1926 தொடக்கம் 1939 வரை எழுதியது. முதற் பாட்டுகளில் இரண்டு கையும் ஒரே மெட்டை வாசிக்கும். ஐந்து விரலும் ஐந்து கட்டையை விட்டு அசையாது. கடைசிப் பாகத்துக்கு வந்தால் கச்சேரி மேடைக்கான சரக்கு. பார்ட்டோக் தன் மகன் பீட்டருக்குப் பியானோ சொல்லிக் கொடுத்தபோது இந்தப் பாட்டுகள் உதவின. முதல் இரண்டு பாகமும் அந்த மகனுக்கே காணிக்கை. பார்ட்டோக்குக்கு முதலில் பியானோ சொல்லிக் கொடுத்தவர் அவருடைய தாயார். இப்படியான சங்கதிகளை மிஸ் பாட்டுக்கு நடுவே, ஏதோ பக்கத்து வீட்டுக் குடும்பக் கதை சொல்வது போலச் சொல்லுவார்.

அப்படித்தான் எனக்கு ஷிவ்னியின் கதையும் தெரிய வந்தது. வொய்ச்செக் ஷிவ்னி. பொஹிமியாவிலிருந்து போலந்துக்கு வந்து வார்சோவில் வீட்டு வகுப்பு நடத்திய ஒரு மனிதர். அவருடைய சொந்த வாத்தியம் வயலின். 1816 இல் ஆறு வயதுப் பையன் ஒருவனுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கப் போனார். ஐந்தாறு வருடம் போனார். பையனின் விரல் சீக்கிரமே வாத்தியாரின் விரலை முந்திவிட்டது. ஆனால் பாக்கையும் மோஸார்ட்டையும் பையனின் முன்னே விரித்து வைத்தவர் அவர்தான். 1821 இல் அந்தப் பையன் ஒரு பொலொனேஸ் எழுதி வாத்தியாருக்குக் காணிக்கையாக்கினான். பையன் பெயர் ஷொப்பன். பின்னாளில் பாரிசில் ஷொப்பனே பாடமொன்றுக்கு 20 பிராங்க் வாங்கிக்கொண்டு வீட்டு வகுப்பு நடத்தித்தான் பெரும்பாலும் சீவித்தார். கச்சேரி செய்தது மிகக் குறைவு. மாணவர்கள் காசைக் கையில் கொடுப்பதில்லையாம், கணப்படுப்பின் மேற்றட்டில் வைத்துவிட்டுப் போவார்களாம். எங்கள் மிஸ் வீட்டிலும் காசு கையில் கொடுக்கப்படுவதில்லை. அங்கே கணப்படுப்பு இல்லாதபடியால் மெட்ரோநோமுக்குப் பக்கத்தில் வைப்போம்.

தமிழர்களுக்கு இது தூரத்துக் கதையல்ல. சென்னையில் தன்ராஜ் மாஸ்டர் என்று ஒருவர் தனிப்பட வகுப்பு எடுத்தார். அவரிடம் படித்தவர்களில் இளையராஜா ஒருவர். பிறகு வந்த ஏ. ஆர். ரகுமான் இன்னொருவர். மாஸ்டரின் பெயரைப் பாட்டுத் தட்டின் உறையில் யாரும் தேடுவதில்லை.

இப்போது பரீட்சைக் கதை. என்னுடைய வீட்டில் சண்டை வந்ததும் இதனால்தான்.

இலங்கையில் பியானோ படிக்கும் பிள்ளைக்கு நெடுங்காலமாக இலண்டனே எசமான். 1889 இல் தொடங்கிய அசோஸியேட்டட் போர்ட் ஒன்று, டிரினிட்டி மற்றொன்று. முதலாந் தரம் தொடக்கம் எட்டாந் தரம் வரை. பரீட்சகர் இலண்டனிலிருந்து வருவார். பிள்ளைகள் சப்பாத்து மினுக்கிக்கொண்டு போவார்கள். அசோஸியேட்டட் போர்ட்டின் செய்முறைப் பரீட்சைக்கு மொத்தம் 150 புள்ளி. 100 எடுத்தால் சித்தி, 120 எடுத்தால் திறமை, 130 எடுத்தால் அதிதிறமை. பாட்டு மூன்று, ஒவ்வொன்றுக்கும் 30. ஸ்கேல்ஸ் வகைக்கு 21. முதற் பார்வை வாசிப்புக்கு 21. காதுச் சோதனைக்கு 18. இந்தக் கணக்கை நன்றாகப் பாருங்கள். மூன்று பாட்டுக்கு மட்டும் 90. ஆகவே ஒரு வருடம் முழுவதும் மூன்றே மூன்று பாட்டை அரைத்து அரைத்து, ஸ்கேல்ஸையும் பழகிவிட்டால், கடதாசியைக் கண்டு திகைக்கிற பிள்ளையும் சித்தியடையலாம். எட்டு வருடத்தில் எட்டுத் தரம். இருபத்து நான்கு பாட்டு. சுவரில் எட்டுச் சட்டம்.

நாட்டில் எல்லாப் பிள்ளைகளும் அப்படியென்று சொல்லவில்லை. ஆனால் அப்படிப் படிப்பிப்பதுதான் சுலபம். பெற்றோர் கேட்பதும் அதைத்தான். இதில் மேல்நாடு கீழ்நாடு என்ற பேதமும் இல்லை. வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைக்குக் கீர்த்தனை பாடமாக்கிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். உயர்தரத்துக்குத் தமிழ் படித்து, பாடத்திட்டத்திலுள்ள செய்யுள்களுக்கு வினாவிடைப் புத்தகத்தைப் பாடமாக்கி, விசேட சித்தி பெற்று, அதற்குப் பிறகு ஒரு கவிதைத் தொகுதியைத் திறக்காதவர்களையும் தெரியும். பாடமாக்குவது வேறு, வாசிப்பது வேறு. எங்களுடைய பேச்சிலேயே இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது.

மிஸ் தன்பாட்டில் ஒரு சட்டம் வைத்திருந்தார். மூன்றாந் தரப் பரீட்சைக்குப் போகிற பிள்ளை, முதலாந் தரத்துப் பாட்டு எதைக் கொடுத்தாலும் முதற் பார்வையில் வாசிக்கவேண்டும். வாசிக்கும்வரை விண்ணப்பம் போடமாட்டார். இதனால் என் வயதுப் பிள்ளைகள் ஆறாந் தரத்தில் நின்றபோது நான் நாலாந் தரத்தில் நின்றேன். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் வந்து விறாந்தையில் நின்றபடியே கேட்டா: "மிஸ், இந்த முறையாவது பிள்ளையைச் சோதினைக்கு விடுவியளே?"

"விடலாம். ஆனால் பிள்ளை இன்னும் வாசிக்கேல்லை. பாடமாக்குது."

"பாடமாக்கினால் என்ன மிஸ்? பாட்டு ஒன்றுதானே?"

மிஸ் பதில் சொல்லாமல் உள்ளே போய்த் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். அம்மா தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, திரும்பி வரும் வழியெல்லாம் என்னை ஏசினா. என்னை நிறுத்தாமல் விட்டதற்கு அப்பாதான் காரணம். மற்ற இடத்தில் மாதம் 35 ரூபா கேட்டார்கள். மற்றப் பெற்றோர் அப்படியல்ல. நான் சேர்ந்தபோது பதினாலு பிள்ளைகள் இருந்தோம். 1979 இல் ஐந்து. அந்த முன்னறைக் கதிரையில் இரண்டு பேர் முறைக்குக் காத்திருந்த காலம் போய், நான் போகும்போது மிஸ் தனியே இருந்து ஏதாவது வாசித்துக்கொண்டிருக்கும் காலம் வந்தது. அந்த வருமானத்திலே அவருக்கு என்ன விழுந்தது என்று அந்த வயதில் நான் நினைத்துப் பார்க்கவில்லை. சட்டத்தை மட்டும் அவர் தளர்த்தவில்லை.

எதற்காக இந்தப் பிடிவாதம்? தத்துவம் எதுவுமில்லை என்றுதான் நினைக்கிறேன். அவர் ஓகன் வாசிப்பவர். போதகர் சனிக்கிழமை இரவு மனம் மாறி, ஞாயிறு காலையில் பலகையில் வேறு பாட்டிலக்கத்தைத் தொங்கவிட்டால், சபை எழுந்து நிற்கும்போது ஓகன்காரி "இதை நான் பழகவில்லை" என்று சொல்ல முடியாது. நாலு குரலுக்கு எழுதிய கீதத்தை அந்த இடத்திலேயே வாசிக்கவேண்டும். அவருக்குச் சங்கீதம் என்றால் பலபேர் எழுந்து நிற்கிற வேளையில் கைகொடுக்கிற ஒரு காரியம்.

எங்கள் ஒழுங்கையில் வேறோரிடத்தில் படித்து எட்டாந் தரம்வரை போன தோழியொருத்தி இருந்தாள். கலியாண வீடொன்றில் பாடகர் ஒருவர் ஒரு பக்கத்தைக் கொடுத்து, கூட வாசிக்கச் சொன்னார். சின்னப் பாட்டு. அவள் முகம் சிவந்து, "இது நான் படிக்கவில்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். இதைச் சொல்வது அவளை இளக்காரம் செய்வதற்கல்ல. 1983 க்குப் பிறகு அவள் கனடாவுக்குப் போனாள். கையில் கொண்டுபோனது அந்தப் பத்திரம். அதைக் காட்டித்தான் அங்கே வகுப்பு எடுத்தாள். தம்பிமார் இரண்டு பேரைக் கூப்பிட்டாள். அகதிக்குக் கடதாசியின் பெறுமதி என்னவென்று எங்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. மிஸ்ஸின் பிள்ளைகளாகிய எங்களில் அப்படிக் கொண்டுபோகத்தக்க பத்திரம் வைத்திருந்தவர்கள் ஒருவர் இருவர்தான். இதை நான் தராசில் போட்டுப் பார்த்திருக்கிறேன். அம்மா பக்கம் பாரமில்லை என்று சொல்லிவிட என்னால் முடியாது.

1983 ஜூலையில் எரிந்த வீடுகளில் மிஸ்ஸின் வீடும் ஒன்று. அவர்கள் பின்மதிலால் அயல்வீட்டுக்குப் போய் உயிர் தப்பினார்கள். பிறகு முகாம், பிறகு கப்பலில் காங்கேசன்துறை. ஓகஸ்ட் மாதத்தில் நான் அந்த வீட்டைப் போய்ப் பார்த்தேன். பியானோவின் மரம் முழுவதும் போய், கம்பிகளை இழுத்துப் பிடிக்கும் இரும்புச் சட்டம் மட்டும் சுவரோடு சாய்ந்து நின்றது. பியானோவில் ஏறத்தாழ 230 கம்பிகள். எல்லாமாக இழுக்கும் இழுவை பதினெட்டு இருபது தொன் வரும். அதைத் தாங்கத்தான் அந்த இரும்பு. புத்தகங்கள், கொப்பிகள் எதுவும் இல்லை. பாக் எழுதியதென்று நான் றூலர் பிடித்து எழுதிய அந்த ஜீ மேஜர் மினுவெட்டும் போயிற்று. (அது பாக் எழுதியதல்ல, கிறிஸ்தியான் பெட்ஸோல்ட் என்ற ஓகன்காரர் எழுதியது என்று ஆராய்ச்சியாளர்கள் 1970 களில் கண்டார்கள். மிஸ்ஸுக்கு அந்தச் சேதி கிடைத்திருக்காது. கிடைத்திருந்தால், ஓகன்காரர் ஒருவருக்கு நியாயம் கிடைத்ததென்று சந்தோஷப்பட்டிருப்பார்.)

யாழ்ப்பாணத்திலும் அவர் சும்மா இருக்கவில்லை. தேவாலயமொன்றின் பியானோவில் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். 1990 இல் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை. வானொலியைச் சைக்கிள் டைனமோவில் கேட்ட காலம். அப்பாச்சி கேட்ட கேள்வி, கறன்ற் போனால் என்ன செய்வியள் என்பது, அங்கே நிசமாகவே வந்தது. பியானோவுக்குக் கறன்ற் தேவையில்லை. ஜாம் போத்தல் விளக்குக்குக் கடதாசி தெரிந்தால் போதும். பிள்ளைகள் வருகிறார்கள், முந்தியைவிடக் கூட வருகிறார்கள், இங்கே இலண்டன் பரீட்சகர் வரமாட்டார் என்பதால் தாய்மார் என்னை நெருக்குவதில்லை என்று எழுதியிருந்தார். அந்தக் கடைசி வசனத்தை வாசித்து நான் சிரித்துவிட்டேன்.

அந்தக் கடிதம் எனக்குக் கிடைக்க மூன்று மாதமானது. இரண்டாம் பக்கத்தில், கையால் கீறிய ஐந்து கோடுகளில், எட்டுப் பகுதிகள் கொண்ட ஒரு சின்னப் பாட்டு. தலைப்பில்லை, யார் எழுதியதென்றும் இல்லை. கீழே "வாசித்துப் பாரும்" என்று மட்டும். நான் அப்போது கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் குடியிருந்தேன். எங்கள் பியானோவும் 1983 இல் போய்விட்டது. பியானோ உள்ள வீடு எதுவும் எனக்குப் பழக்கமில்லை. கட்டிலில் இருந்து அந்தக் கடதாசியைப் பார்த்தேன். முதலில் வலக்கையின் மெட்டு கேட்டது. பிறகு, மெதுவாக, இடக்கையும். ஐந்தாம் பகுதியில் இடக்கை கீழே இறங்குகிறது. இறங்கி நிற்கிற அந்தச் சுரம் எது தெரியுமா? ஊமைக் கட்டை. வெள்ளவத்தைப் பியானோவில் எட்டு வருடமும் ஒலிக்காதது. வேண்டுமென்றே எழுதினாரோ, தற்செயலோ. எனக்கு அது நன்றாகக் கேட்டது.

1995 இடப்பெயர்வைக் காணாமல் அவர் போய்ச் சேர்ந்தார். அதற்குமேல் அந்தக் கதையில் சொல்ல ஒன்றுமில்லை.

இன்றைக்கு நிலைமை வேறு. புத்தகம் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. காப்புரிமை கடந்த இசையெல்லாம் கைத்தொலைபேசியில் வந்து விழுகிறது. வெள்ளவத்தையில் மின்பியானோ வைத்து வகுப்பு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு உப்புக்காற்றும் ஒன்றும் செய்வதில்லை, கம்பி இருந்தால்தானே. 2020 இல், நோய்த் தொற்றுக் காலத்தில், அசோஸியேட்டட் போர்ட் புதிய பரீட்சையொன்றையும் கொண்டுவந்தது. நாலு பாட்டு, வீட்டிலே வாசித்துப் படம்பிடித்து அனுப்பலாம். ஸ்கேல்ஸ் இல்லை. காதுச் சோதனை இல்லை. முதற் பார்வை வாசிப்பு அறவே இல்லை. பழைய முறைப் பரீட்சையும் இருக்கத்தான் செய்கிறது. விரும்பியவர் விரும்பியதை எடுக்கலாம். மேடையில் ஒரு நிகழ்ச்சியை முழுதாக நடத்திக் காட்டுவதும் ஒரு திறமைதான் என்று அதற்குச் சொல்லும் நியாயத்தை நான் தள்ளவில்லை. ஆனாலும் 21 புள்ளி என்று இருந்ததும் இல்லாமற்போவதற்கு ஒரு வழி திறந்திருக்கிறது. மிஸ் இருந்திருந்தால் தேத்தண்ணீர் போட எழுந்து போயிருப்பார்.

என் தங்கையின் பேத்திக்கு இப்போது ஒன்பது வயது. இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு பெண்பிள்ளையிடம் பியானோ படிக்கிறாள். அந்த ஆசிரியையிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: பரீட்சைப் பாட்டுக்கு வெளியே கிழமைக்கு ஒன்றாவது வாசிக்க வைப்பீர்களா? அவர் கொஞ்சம் தயங்கி, "பேரன்ட்ஸ் கேட்கிறதில்லை அன்ரி" என்றார். பிறகு, "கேட்டால் எனக்குச் சந்தோஷம்" என்றார்.

போன மாதம் பிள்ளைக்கு முன்னால் அந்தப் பழைய கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை வைத்தேன். மடிப்பு விழுந்து, மை மங்கி, சில இடங்களில் கோடு சரியாகத் தெரியாது. "இது என்ன பாட்டு?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அரை நிமிடம் பார்த்தாள். தொடங்கினாள். மூன்றாம் பகுதியில் வலக்கை பிழைத்தது. ஐந்தாம் பகுதியில் இடக்கை ஒரு கட்டை தள்ளி இறங்கியது. நிற்கவில்லை.